ஐந்து நிமிடம் பழைய விலை

மகிமா எழுதிய எதையும் யாரும் விரும்பிப் படித்ததில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை. திருவொற்றியூரில், கொதிகலன்களுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாக அவள் எழுதிவந்தவை விளக்கப் புத்தகங்கள். எந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், முள் எந்தக் கோட்டைத் தாண்டினால் விலகி நிற்க வேண்டும், எந்தத் திருகைத் தொடவே கூடாது. ஏதாவது கெட்டுப்போனால்தான் ஒருவர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவார். அந்த நேரத்தில் அவருக்கு அவகாசம் இருக்காது. வாக்கியம் ஒரே வாசிப்பில் புரிய வேண்டும், புரிந்தது உண்மையாகவும் இருக்க வேண்டும். அதனால் எழுதுமுன் ஷெட்டுக்குள் போய்த் தன் கையாலேயே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வருவாள். பொறியாளர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவளுடைய தம்பி பெனிட்டோ காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்த்தான். எந்தக் கண்டெய்னர் எந்த அடுக்கில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிற பிரிவு. வீட்டுக்கு வந்தாலும் அவன் சரக்கை விடுவதாக இல்லை. ‘நெபுலா பஜார்’ என்ற ஆன்லைன் விளையாட்டில் மூழ்கிவிடுவான். கிரகங்களில் தாது தோண்டி, கப்பலில் ஏற்றி, விண்வெளித் துறைமுகங்களில் விற்கும் விளையாட்டு அது. வாங்குகிறவரும் விற்கிறவரும் தங்கள் விலையைச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு துறைமுகத்தில் உங்கள் கப்பல் நின்றால்தான் அங்கே என்ன விலை போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். மற்ற இடங்களில் ஆர்டர் போடலாம், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுவதுபோலத்தான்.

இதற்கு பெனிட்டோ ஒரு வழி கண்டுபிடித்தான். ‘காசிமேடு பிளீட்’ என்று அவர்களுக்கு ஒரு குழு இருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்து ஆட்கள் அறுபது பேர். ஆளுக்கொரு துறைமுகத்தில் கப்பலை நிறுத்தி வைத்து, அங்கே தெரியும் விலைகளைத் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பொதுப் பட்டியலுக்கு அனுப்பச் செய்தான். அந்தப் பட்டியலைப் படித்துப் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்டை உட்கார வைத்தான். போனை எடுத்து, “என் இரும்பு ஆர்டர் இன்னா ஆச்சு?” என்று வாயால் கேட்டால் போதும். “பாதி விற்றுவிட்டது. மீதிக்கு முன்னால் இன்னொருவர் குறைந்த விலை போட்டிருக்கிறார்” என்று அது தமிழிலேயே சொல்லும். அதற்கு ‘நோட்டம்’ என்று பெயர் வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்ததும் அக்காவிடம் வந்து நின்றான்.

“நோட்டத்துக்கு ஒரு புக் எழுதிக் குடுக்கா. டெய்லி அறுபது பேருக்குப் பதில் சொல்லி முடியல.”

“நீதான உண்டாக்கின. நீயே எழுது.”

“நான் எழுதினா எனக்கே புரியாதுக்கா.”

அது உண்மைதான் என்பதால் அவள் ஒத்துக்கொண்டாள்.

தமிழில் எழுதுவது என்று முடிவானது, ஏனென்றால் கேள்விகள் எல்லாம் தமிழில்தான் வந்தன. முதலில் ‘கொள்முதல் ஆணை’, ‘விற்பனை ஆணை’ என்று எழுதினாள். பெனிட்டோ படித்துவிட்டு, “கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கு” என்றான். அவள் குழுவின் ஒரு வருடத்துச் செய்திகளை உட்கார்ந்து படித்தாள். அவர்கள் ‘வாங்குற ஆர்டர்’, ‘விக்கிற ஆர்டர்’ என்றார்கள். தன்னைவிடச் சற்றுக் குறைத்து இன்னொருவன் விலை போட்டுவிட்டால், “முன்னால குந்திட்டான்” என்றார்கள். இந்தச் சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை அப்படியே புத்தகத்தில் வைத்தாள்.

நான்கு ஞாயிறுகள் பிடித்தன. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுவதற்கு முன் அதன்படி நோட்டத்திடம் கேட்டுப் பார்த்தாள். அது சொன்னபடி செய்தால் எழுதினாள். செய்யாவிட்டால் தம்பியைக் கூப்பிட்டாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. பெனிட்டோ மதிய ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்துவிடும்.

“விலைய எத்தனை நிமிஷத்துக்கு ஒருதடவை பாக்கும்?”

“அஞ்சு.”

“நிச்சயமாவா?”

“நான்தானக்கா எழுதினேன்.”

அவன் படியிறங்கிப் போனான். அவள் எழுதினாள்: ‘நோட்டம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலையைப் பார்க்கும். ஆகவே அது சொல்லும் விலை, மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் பழையதாக இருக்கும்.’ படித்துப் பார்த்தாள். வாக்கியம் நிறைவாக இருந்தது. அன்று மாலையே புத்தகம் குழுவுக்குப் போயிற்று.

அவள் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றி வந்தது. கொடுங்கையூரிலிருந்து ரூபினா என்ற பெண், தன் அண்ணனுக்கே இப்போதுதான் விளையாட்டு புரிந்ததாக எழுதியிருந்தாள். திருமலை என்பவர் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். “மேடம், ஒரு தபா படிச்சேன், பிரிஞ்சிகிச்சு. இனிமே யாரையும் கேட்டு பேஜாரு பண்ண வேணாம்.” அதை மகிமா இரண்டு முறை கேட்டாள். யார் இவர் என்று தம்பியிடம் விசாரித்தாள். திருவொற்றியூர் குப்பத்துக்காரர், விசைப்படகு ஓட்டியவர், வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி முதுகெலும்பு அடிபட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார் என்றான். வயது முப்பத்தாறு. அவளைவிட இரண்டு வயது இளையவர்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில், தொழிற்சாலை கேன்டீனில் அவள் போனைத் திறந்தாள். குழுவில் இருநூறு செய்திகள் வந்து கிடந்தன.

நடந்தது இதுதான். திருமலை இரண்டு வருடமாக நீலத் தாது சேர்த்துவந்தார். ஏழாம் துறைமுகத்தில் ஒரு கிட்டங்கி நிறைய வைத்திருந்தார். அதையெல்லாம் ஒருநாள் விற்று மூன்று தளம் கொண்ட ஒரு சரக்குக் கப்பல் வாங்குவது அவர் திட்டம். ஒரு வாரமாக விலை இறங்கிக்கொண்டு வந்தது. அன்று காலை நோட்டத்திடம் கேட்டார். “நீலத் தாது இப்போது நாற்பதுக்குப் போகிறது” என்றது. இன்னும் இறங்கிவிடுமோ என்ற பயத்தில், இருந்த அத்தனையையும் நாற்பதுக்கு விக்கிற ஆர்டர் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் அந்த விலைக்கே விற்றுப்போயிற்று. அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்து விசாரித்தார். முந்தைய நாளே அந்தப் பக்கத்தில் இரண்டு பெரிய குழுக்களுக்குள் போர் மூண்டு, நீலத் தாதுவின் விலை நூற்றறுபதைத் தொட்டிருந்தது. ஏழாம் துறைமுகத்தில் கப்பல் நிறுத்தி விலை அனுப்பிக்கொண்டிருந்தவள் ரூபினா. அவள் நாத்தனார் கல்யாணத்துக்காக ஞாயிற்றுக்கிழமையே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வாணியம்பாடிக்குப் போயிருந்தாள். பட்டியலில் அவள் கடைசியாக அனுப்பிய நாற்பது அப்படியே நின்றுவிட்டது. நோட்டம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நாற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பலரும் திருமலையைத்தான் குறை சொல்லியிருந்தார்கள். ஒருமுறைக்கு இருமுறை விசாரித்திருக்க வேண்டாமா என்றார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. ஒரே ஒரு படம் போட்டிருந்தார். மகிமாவின் புத்தகத்தில் இருபத்து மூன்றாம் பக்கம். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, கீழே எழுதியிருந்தார்: ‘பொஸ்தகத்துல அஞ்சு நிமிசம்னு போட்டுகீதே.’

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பக்கத்து இருக்கைக்காரி என்ன என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் பெனிட்டோவுக்கு விடுமுறை. அவளும் அரை நாள் விடுப்புப் போட்டு வந்தாள். கடைக்கு மேலே இருந்த அறையில் இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். கீழே அப்பாவின் கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“இதுல நம்ம தப்பு ஒண்ணுமில்லக்கா. டேட்டா வரல. அவ்வளவுதான். அப்புறம், இது ஒரு கேம்.”

“உன் கம்ப்யூட்டர்ல இருந்து விலை போறதை நிறுத்து.”

நிறுத்தினான். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அம்மா தங்கபுஷ்பம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து, எதுவும் கேட்காமல் இறங்கிப்போனாள். பிறகு மகிமா, அவன் கப்பல் நிற்கும் துறைமுகத்தில் இரும்பு என்ன விலை என்று நோட்டத்திடம் கேட்டாள். “இரும்பு இப்போது பன்னிரண்டுக்குப் போகிறது” என்றது அது, கொஞ்சமும் தயங்காமல்.

“இப்போதுன்னு சொல்லுதே. அது எங்கிருந்து வருது?”

பெனிட்டோ திரையைப் பார்த்தான். “நான் சொல்லிக் குடுக்கல. விலை எப்ப வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. நான் பட்டியல்ல நேரத்தை அனுப்பல. வாக்கியம் நல்லா வரணும்னு அதுவா சேத்துக்குது போல.”

மகிமா புத்தகத்தின் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள்.

“உன்கிட்ட நான் கேட்டப்ப அஞ்சு நிமிஷம்னு சொன்னியே பெனி.”

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை பாக்கும்னு சொன்னேன். பாக்குதே. புதுசா கிடைக்கும்னு நான் சொல்லல. அந்த ரெண்டாவது லைன் நீயா போட்டதுக்கா.”

அவன் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. அவன் சொன்னது சரி. முதல் வாக்கியம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாவது, முதல் வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று அவள் சேர்த்தது. பதினோரு வருடத்தில் கையால் திருப்பிப் பார்க்காமல் எழுதியது அது ஒன்றுதான் என்று அவளால் சத்தியம் செய்ய முடியுமா என்று யோசித்தாள். முடியாது என்றே பட்டது. வால்வு புத்தகங்களிலும் இப்படி ‘ஆகவே’ போட்ட இடங்கள் இருக்கும். அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அல்லது ஆனது அவளுக்குத் தெரியவில்லை.

“அவரைப் போய்ப் பாக்கணும்” என்றாள்.

“போய் என்னக்கா சொல்லுவ? போனது போனதுதான்.”

“தெரியல.”

சனிக்கிழமை காலை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, திருவொற்றியூர் தேரடியில் இறங்கினாள். எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்றன. இடைவெளி பார்த்துச் சாலையைக் கடந்து குப்பத்துக்குள் போனாள். வீட்டு வாசலில் ஒரு பெண் அலுமினியக் கூடையில் மீன்களை வகை பிரித்துக்கொண்டிருந்தாள். திருமலையின் மனைவி அங்கம்மா.

“திருமலை வீடுங்களா?”

“ஆமா. நீ யாரு?”

“மகிமா. அந்த விளையாட்டுக்குப் புத்தகம் எழுதினேன்.”

அங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதானா அது. நாலு நாளா சோறு சரியா துண்றதில்ல. போ, உள்ளதான் கீறாரு.”

ஜன்னல் ஓரமாகப் போட்ட சாய்வான கட்டிலில் திருமலை இருந்தார். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். தோள்கள் மட்டும் இன்னும் படகுக்காரரின் தோள்களாக இருந்தன. அவள் வருவாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. நாற்காலியின் மேலிருந்த துணிகளை எட்டித் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் அவளுக்கு வரவில்லை. “அந்த வரி தப்பு. நான் சோதிச்சுப் பாக்காம எழுதினேன்” என்றாள்.

திருமலை தலையை ஆட்டினார். “கல்லு போனது போச்சு மேடம். மறுக்கா தோண்டினா வரப்போவுது. எனக்குத் தொழிலா இல்ல அது. அது இல்ல விசயம்.”

“பிறகு?”

அவர் சொல்லத் தயங்கினார். வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மின்னாடி எல்லாம் எதுனா விக்கணும்னா நாலு பேருக்கு போன் போடுவேன். ரூபினாவுக்குப் போட்டா, அது பாட்டுக்கு அரை மணி நேரம் பேசும், கொழந்தைக்கு ஜொரம்னு சொல்லும், கொடுங்கையூர்ல குப்ப எரிஞ்சி பொகைன்னு சொல்லும். எனக்கு இங்க பேச்சுத் தொணைக்கு வேற யாரு கீறாங்க. வெல கேக்குறது ஒரு சாக்குதான். உங்க பொஸ்தகம் வந்தப்பால இன்னாத்துக்கு எல்லாரையும் தொந்தரவு பண்ணணும்னு நிறுத்திட்டேன். மூணு வாரமா யாருக்கும் போன் போடல. போட்டுகினு இருந்தா, அந்தப் பொண்ணு கல்யாணத்துல கீறது எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

மகிமாவுக்கு அவருடைய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டு மகிழ்ந்தது நினைவுக்கு வந்து, முகம் சூடானது.

அங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். “வாங்கப்போற கப்பலுக்கு என் பேரு வெக்கப்போறேன்னு சொல்லிகினு இருந்தாரு. இல்லாத கப்பலுக்கு என் பேரு. அந்த மிஷினு இன்னாதான் சொல்லுது, குடு பாக்கலாம்.”

திருமலை போனை நீட்டினார். அவள் அதை வாய்க்கு அருகே வைத்து, “வஞ்சிரம் இன்னா வெல?” என்றாள்.

“வஞ்சிரம் இப்போது இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போகிறது” என்றது நோட்டம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்க குடுக்குறான், கேட்டுச் சொல்லு. காசிமேட்டுல நான் விடியக்காத்தால போய் நாயா அலையறேன், இந்த வெலைக்கு எவன் வெச்சிகினு குந்தினு கீறான்” என்றாள் அங்கம்மா. திருமலை சிரிக்க ஆரம்பித்து, முதுகு வலித்து, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நாலு நாளில் இப்போதுதான் சிரிக்கிறார் என்று அங்கம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

மகிமா பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். விளையாட்டிலேயே இல்லாத பொருளைக் கேட்டாலும் ஒரு விலை சொல்கிறது. பிறகு தலைநிமிர்ந்து கேட்டாள்: “இந்த மாதிரி வேற என்னவெல்லாம் தப்பா சொல்லும்னு நாம கண்டுபிடிக்கலாமா? முதல் பக்கத்துல இருந்து. ஒவ்வொரு வரியா. நான் எழுதினதை நீங்க நம்பக் கூடாது.”

திருமலை யோசித்தார். “நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன்.”

“நான் கடைசி வரைக்கும் படிச்சிட்டு இந்த வரியை எழுதினேன்.”

அன்று நான்கு பக்கம் பார்த்தார்கள். திருமலை அதில் கெட்டிக்காரர் என்பது சீக்கிரமே தெரிந்தது. அவர் கேள்விகளைச் சாதாரணமாகக் கேட்கவில்லை. பாதியில் நிறுத்தினார், பெயரை மாற்றிச் சொன்னார், ஏற்கெனவே விற்ற ஆர்டரை விற்காததுபோலக் கேட்டார். “நேத்து எவ்ளோ வித்துச்சு?” என்று கேட்டபோது நோட்டம் சொன்ன எண்ணிக்கை தவறாக இருந்தது. தோண்டிப் பார்த்ததில், அது உலகப் பொது நேரப்படி ஓடுவதால், அதற்கு நாள் மாறுவது நம் விடியற்காலை ஐந்தரைக்கு என்று தெரிந்தது. மகிமா நாற்பது முறை சோதித்த பக்கம் அது. ஆனால் அவள் விற்றுப் பார்த்ததெல்லாம் ஞாயிறு மதியத்தில்; திருமலை தூக்கம் வராமல் விடியுமுன்பே விற்கிறவர்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். மொத்தம் பதினொரு தவறுகள். பட்டியலைத் தம்பியிடம் கொடுத்தாள். கூடவே புத்தகத்தின் புதிய முதல் பக்கத்தையும். அதில் நோட்டம் என்ன செய்யும் என்பது இல்லை; அதற்கு என்ன தெரியாது என்பது இருந்தது. விலை அனுப்புகிறவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் அதற்குத் தெரியாது. போர் வந்தால் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. பெரிய ஆர்டர் போடும் முன் அந்தத் துறைமுகத்தில் நிற்பவருக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதி, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பெயரைக் கீழே கொடுத்திருந்தாள்.

பெனிட்டோவுக்குக் கோபம் வந்தது. “முதல் பக்கத்துலயே இது உதவாதுன்னு எழுதினா எவன் யூஸ் பண்ணுவான்? போன் போட்டே கேட்டுக்கலாம்னா நான் எதுக்கு ஆறு மாசம் உக்காந்தேன்?”

“உதவாதுன்னு எழுதல. எது வரைக்கும் உதவும்னு எழுதியிருக்கேன்.”

“கடைசி பக்கத்துல போடு.”

“கடைசி பக்கத்தை யாரும் படிக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

இரண்டு நாள் பேசாமல் இருந்தான். சாப்பாட்டு மேசையில் அம்மா வழியாகவே உப்புக் கேட்டான். மூன்றாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, கம்ப்யூட்டர் முன்னாலிருந்து திரும்பாமலேயே, “இரும்பு கேளு” என்றான்.

கேட்டாள். “இரும்பு பன்னிரண்டு. இது இன்று காலை 6.10-க்கு வந்த தகவல். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.”

“வஞ்சிரம்?”

“அப்படி ஒரு பொருள் பட்டியலில் இல்லை.”

“ஒவ்வொரு தடவையும் நேரம் சொல்லுது. கேக்கவே அலுப்பா இருக்கு” என்றான். அவள் அவன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். முன்பெல்லாம் ஒரே வார்த்தையில் சொல்லும், இப்போது கதை சொல்கிறது என்றார்கள். மூன்று பேர் விலகினார்கள். ரூபினா தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுது பேசி, தன் தாதுவில் பாதியைத் திருமலைக்கு அனுப்பினாள். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்காக இருவரும் ஒரு மணி நேரம் போனில் சண்டை போட்டதாக அங்கம்மா மகிமாவிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை.

புதிய பதிப்பைக் குழுவில் போட்டபோது பெனிட்டோ அக்காவிடம் கேட்காமல் கூடவே ஒரு குறிப்பும் எழுதினான். ‘வெலை பழசுன்னா இனிமே அதுவே சொல்லும். முன்னாடி சொல்லல. அது என்னோட தப்பு. எங்க அக்கா தப்பு கிடையாது.’ மகிமா அதைத் தொழிற்சாலையில் படித்தாள். கடைசி வரி உண்மையில்லை. கீழே எழுதினாள்: ‘இருபத்து மூன்றாம் பக்கம் நான் எழுதியது. அந்தத் தப்பு என்னுடையது. மன்னிக்கவும்.’ அனுப்பிவிட்டு, யார் என்ன சொல்வார்களோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது திருமலையின் குரல் செய்தி. பின்னணியில் அங்கம்மா யாரையோ அதட்டுவதும், அலை கல்லில் மோதுவதும் கேட்டன. “அதெல்லாம் இருக்கட்டும் மேடம். முப்பதாம் பக்கத்துல ஒண்ணு உதைக்குது. சனிக்கெழம எத்தினி மணிக்கு வர்றீங்க?”